முலாமும் கழலையும்

பொன்முலாம் பூசிய வளையலைக் கண்டு மகிழும் மாணவ நண்பர்களே! அதனைப் பூசிய தொழிலாளியின் கழுத்தைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

1840-இல் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார், சயனைடுக் கரைசலைக் கொண்டு மின்சாரத்தால் முலாமிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். சயனைடு நொடியில் உயிர்குடிக்கும் என்பதை யாவரும் அறிவர். சிறுகச் சிறுக உட்புகும்பொழுது அஃது யாது செய்யும் என்பதே வினா.

உடல் அதனை வாளா விடுவதில்லை. ஈரலிலுள்ள நொதியொன்று கந்தகத்தைச் சேர்த்து, நஞ்சு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கின்றது. வினை இங்கேதான் விளைகிறது! கழியுமுன் அத்தயோசயனேட்டு, தைராய்டுச் சுரப்பிக்குள் அயோடின் புகும் வாயிலை மறிக்கிறது; அயோடினுக்கு ஏங்கும் சுரப்பி பருக்கிறது. இரத்த அழுத்தத்திற்கு மருந்தாகத் தயோசயனேட்டு உண்ட நோயாளர் சிலருக்கும் முன்னர்க் கழலை எழுந்ததுண்டு; கண்டும் ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்தவர் சிலரே.

எகிப்து நாட்டு மருத்துவர்கள் பார்த்தனர். மூன்று முலாம் ஆலைகளில் 36 தொழிலாளரைச் சோதித்து, 1975-இல் முடிவை வெளியிட்டனர். 20 பேருக்குத் தைராய்டு பருத்திருந்தது. தலைவலி, தளர்ச்சி, சுவையும் மணமும் மாறுபடுதல் ஆகிய குறைகளும் பலரிடம் காணப்பட்டன. அவர்கள் உட்கொண்ட காற்றில், பத்து இலட்சம் பங்குக்குச் சராசரி 6 முதல் 10 பங்கு வரையே சயனைடு இருந்தது. ஐதரசன் சயனைடுக்கு அமெரிக்கச் சட்டம் 1971-இல் வகுத்த எல்லையும் அந்தப் பத்துப் பங்கே!