பாத்திரத்தில் ஒரு பிடி சோறு

இன்னைக்கு நாம லாவோஸ் போறோம். லுவாங் பிரபாங்: 1353-ல் ஃபா ங்கும் நிறுவிய லான் சாங் அரசோட முதல் தலைநகர். 1995-ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த ஊர்.

விடியறதுக்கு முன்னாடியே நான் தெருவுக்கு வந்துட்டேன். பாய் விரிச்சு, மூங்கில் கூடையில ஒட்டரிசிச் சோறோட ஊர்ப் பெண்கள் மண்டியிட்டு இருந்தாங்க. காவி உடுத்தி, வெறுங்காலோட பிக்குகள் வரிசையா வந்தாங்க. மூத்தவர் முதல்ல, சிறுவர்கள் கடைசியில. ஆளுக்கு ஒரு சின்ன உருண்டை. யாரும் பேசல. பிக்குகள் நன்றியும் சொல்லல. ஏன்னா, கொடுக்கிறவருக்குப் புண்ணியம் சேர வழி செய்யறதே வாங்குறவர்தான். வரிசையோட முடிவுல காத்திருந்த ஏழைக் குழந்தைகளுக்கு, பிக்குகளே தங்கள் சோத்துல கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாங்க.

இதுக்குப் பேரு 'தாக் பாத்'. அந்த 'பாத்', நம்ம 'பாத்திரம்'தான். மணிமேகலை கையில இருந்த அமுதசுரபியும் ஒரு பிச்சைப் பாத்திரம்தானே?

1975-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்து, மன்னராட்சியை ஒழிச்சாங்க. அடுத்த வருஷம் பிக்குகளுக்கு உணவிடத் தடை. நீங்களே உழைச்சுச் சாப்பிடுங்கன்னு உத்தரவு. மக்கள் ஏத்துக்கல. அரசுதான் இறங்கி வந்துச்சு.

இன்னைக்குத் தடை இல்ல, கேமரா இருக்கு. என் பக்கத்துல ஒருத்தர் பிக்குவோட முகத்துக்கு நேரா ஃப்ளாஷ் அடிச்சார். நீங்க போனா எதிர்ப்பக்கம் நின்னு பாருங்க, தோளை மூடிக்கங்க, ஃப்ளாஷை அணைச்சுடுங்க. அரசாங்கத்தால நிறுத்த முடியாததை நம்ம போன் நிறுத்திடக் கூடாது.