கதிமான் எக்ஸ்பிரஸ்

கதிமான் எக்ஸ்பிரஸ் (வண்டி எண்கள் 12049, 12050) தில்லியின் ஹஸ்ரத் நிஜாமுத்தீன் நிலையத்துக்கும் உத்தரப் பிரதேசத்தின் ஜான்சிக்கும் இடையே ஓடும் குளிர்சாதன விரைவு வண்டி. 2016 ஏப்ரல் 5 அன்று சேவையைத் தொடங்கியபோது, மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓட அனுமதி பெற்ற முதல் இந்தியப் பயணிகள் வண்டி என்ற பெயர் இதற்குக் கிடைத்தது. இடைவழியில் ஆக்ரா கண்டோன்மென்ட், குவாலியர் ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே நிற்கிறது. ஜப்பானில் ‘தொக்கியூ’ எனப்படும் குறைந்த நிறுத்த விரைவு வண்டிகளுக்கு இந்தியாவில் நெருங்கிய உறவு என்று இதைச் சொல்லலாம்.

பெயர்

‘கதி’ என்ற வடசொல் தமிழிலும் வழங்குவதுதான். கதிமான் என்றால் வேகம் உடையது என்று பொருள்.

புறப்படும் இடம்

சஃப்தர்ஜங் கல்லறை அருகே தொடங்கும் லோதி ரோடு, லோதி தோட்டத்தை ஒட்டிக் கிழக்கே சென்று மதுரா ரோட்டில் முடிகிறது. அங்கிருந்து சிறிது தொலைவில் ஹஸ்ரத் நிஜாமுத்தீன் ரயில் நிலையம் உள்ளது. 1325-இல் மறைந்த சூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்கா அருகில் இருப்பதால் நிலையத்துக்கு அவர் பெயர். லோதி ரோட்டின் மேற்குப் பகுதிக்கு ஜோர் பாக், கிழக்குப் பகுதிக்கு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் என இரண்டு மெட்ரோ நிலையங்கள் உதவுகின்றன. 2010-இல் திறக்கப்பட்ட இவை, பெருமளவு ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்ட தில்லி மெட்ரோவைச் சேர்ந்தவை.

முன்னோடிகள்

தில்லி–ஆக்ரா பாதையில் சுற்றுலாப் பயணிகளுக்கென 1964-இல் தாஜ் எக்ஸ்பிரஸ் வந்தது. 1969-இல் புது தில்லிக்கும் ஹௌராவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ராஜதானி, நிறுத்தங்களைக் குறைத்து நேரத்தை மிச்சப்படுத்தும் முறையை நெடுந்தூர வண்டிகளில் நிலைநாட்டியது. 1988-இல் புது தில்லி–ஜான்சி இடையே முதல் சதாப்தி ஓடியது. பின்னர் போபால் வரை நீட்டிக்கப்பட்ட அதன் உச்ச வேகம் 150 கி.மீ. கதிமான் வரும்வரை நாட்டின் மிக வேகமான வண்டி அதுவே.

தொடக்கமும் நீட்டிப்பும்

2014 ஜூலை 3 அன்று தில்லி–ஆக்ரா இடையே 160 கி.மீ. வேகச் சோதனை ஓட்டம் நடந்தது. சேவை தொடங்க மேலும் ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின. ஆடு மாடுகளும் மனிதர்களும் தண்டவாளத்தைக் கடக்காதபடி வேலி அமைத்தல், சிக்னல்களையும் பாதையையும் சீர்செய்தல், பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் ஆகியவை இடைப்பட்ட காலத்தை எடுத்துக்கொண்டன. அன்றைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு வண்டியைத் தொடங்கி வைத்தார். முதலில் ஆக்ரா வரை மட்டும் ஓடிய வண்டி, 2018 பிப்ரவரியில் குவாலியருக்கும் ஏப்ரலில் ஜான்சிக்கும் நீட்டிக்கப்பட்டது.

ஓட்டம்

தொடக்க கால அட்டவணைப்படி காலை 8.10-க்குப் புறப்பட்டு 9.50-க்கு ஆக்ரா சேர்ந்தது. 188 கி.மீ. தூரத்தை 100 நிமிடங்களில் கடப்பதால் சராசரி வேகம் சுமார் 113 கி.மீ. தில்லி நகர எல்லைக்குள் வேகக் கட்டுப்பாடு உண்டு. துக்ளகாபாத்தைத் தாண்டிய பிறகே 160 கி.மீ. அனுமதிக்கப்பட்டது. தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று இவ்வண்டிக்கும் ஓய்வு.

வண்டி அமைப்பு

சேர் கார், எக்ஸிக்யூட்டிவ் சேர் கார் என இரு வகுப்புகள் உள்ளன. பெட்டிகள் எல்.எச்.பி. வகை. தொடக்கத்தில் இரு முனைகளிலும் ஜெனரேட்டர் பெட்டிகள் இணைக்கப்பட்டிருந்தன. முன்னால் இழுப்பது டபிள்யூ.ஏ.பி.-5 மின்சார இஞ்சின். 1990-களில் ஏ.பி.பி. நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்ட இவ்வகை இஞ்சின், பின்னர் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆக்ராவுக்கு சேர் கார் கட்டணம் 750 ரூபாய், எக்ஸிக்யூட்டிவ் 1,500 ரூபாய். விமானங்களைப் போலப் பணிப்பெண்கள் உணவு பரிமாறினர்.

ஜப்பானியத் தொக்கியூவுடன் ஒப்பீடு

தொக்குபெத்சு கியூகோ, அதாவது ‘சிறப்பு விரைவு’ என்பதன் சுருக்கமே தொக்கியூ. இவ்வகையின் முதல் வண்டி 1912-இல் தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் ஷிமோனொசெகிக்கும் இடையே ஓடியது. 1929-இல் ‘ஃபுஜி’, ‘சகுரா’ என்று வண்டிகளுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் தொடங்கியது. 1964-இல் திறக்கப்பட்ட ஷின்கான்சென் அதிவேகப் பாதையும் இந்த மரபிலிருந்து வளர்ந்ததே.

160 கி.மீ. என்ற எண் இரு நாடுகளுக்கும் பொதுவானது. ஜப்பானின் பழைய பாதைகள் பெரும்பாலும் 1,067 மி.மீ. அகலமே கொண்டவை, இந்திய அகலப்பாதையோ 1,676 மி.மீ. அந்தக் குறுகிய தடத்திலேயே ஹொகுஹொகு பாதையில் ‘ஹகுதகா’ தொக்கியூ 2002 முதல் 2015 வரை 160 கி.மீ. வேகத்தில் ஓடியது. கெய்செய் என்ற தனியார் ரயில்வேயின் ‘ஸ்கைலைனர்’, 2010 முதல் நரிதா விமான நிலையத்துக்கு அதே வேகத்தில் ஓடுகிறது. அதன் தடம் 1,435 மி.மீ. அகலமுடையது.

வேறுபாடு இழுக்கும் முறையிலும் இருக்கிறது. 1958-இல் வந்த ‘கொதாமா’ முதல் ஜப்பானின் மின்சாரத் தொக்கியூக்கள் பல பெட்டிகளின் அடியில் மோட்டார்களைப் பரப்பி வைக்கின்றன. அதனால் நின்று புறப்பட்டாலும் விரைவில் வேகம் பிடிக்கின்றன. கதிமானில் மொத்த வண்டியையும் ஒற்றை இஞ்சின் இழுப்பதால், நிற்காமல் ஓடுவதே அதன் முதன்மை உத்தி. மோட்டார்களைப் பரப்பும் முறையை இந்தியாவில் வேக வண்டிகளுக்குக் கொண்டு வந்தது சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை தயாரித்த வந்தே பாரத். அது 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது.

கட்டண முறையும் வேறு. ஜப்பானில் அடிப்படைப் பயணச்சீட்டுடன் தொக்கியூ கட்டணம் தனியே வசூலிக்கப்படுகிறது. தேசிய ரயில்வே பிரிந்து உருவான ஜே.ஆர். நிறுவனங்களின் தொக்கியூ 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் அந்தத் தொகை முழுதும் திரும்பக் கிடைக்கும். இந்தியாவிலும் சராசரியாக 55 கி.மீ. வேகம் எட்டும் வண்டிகளில் சூப்பர்பாஸ்ட் கட்டணம் உண்டு. ஆனால் வண்டி தாமதமாகச் சேர்ந்ததற்காக அது திருப்பித் தரப்படுவதில்லை. புறப்படும் நிலையத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணி ஏறாமல் விட்டால்தான் பணம் திரும்பும்.

பின்னணியில் உள்ள நிர்வாகமும் ஒன்றல்ல. ஜப்பானின் தேசிய ரயில்வே 1987 ஏப்ரல் 1 அன்று 6 வட்டாரப் பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிக்கப்பட்டது. தனியார் ரயில்வேக்களும் தொக்கியூ ஓட்டுகின்றன. கதிமான் ஓடும் பாதை இந்திய ரயில்வேயின் வடக்கு, வட மத்திய மண்டலங்களுக்கு உரியது. சாதாரண வண்டிகளும் சரக்கு வண்டிகளும் அதே வழித்தடத்தில்தான் ஓடுகின்றன.

தமிழ்நாட்டுத் தொடர்பு

ஜான்சி வரையிலான இந்தப் பாதை தில்லித் தமிழர் ஊருக்குப் போகும் பாதையும்கூட. 1929-இல் தோன்றிய கிராண்ட் ட்ரங்க் (ஜி.டி.) எக்ஸ்பிரஸ், 1976 முதல் ஓடும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், நிஜாமுத்தீனிலிருந்து கன்னியாகுமரி செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஆகியவை ஆக்ரா வழியாகவே தெற்கே வருகின்றன. ஜி.டி.யில் வருபவர் வழியெங்கும் பல ஊர்களில் நின்று வருகிறார். குறைந்த நிறுத்தங்களால் நேரத்தை மிச்சப்படுத்தும் வண்டி என்று பெயர் பெற்றது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்.