சாப்வித் கேமல் மாதிரி விமானமும் அதன் கம்பிக்கட்டும்

சாப்வித் கேமல் என்பது முதல் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய, ஒருவர் மட்டும் அமரும் இரட்டை இறக்கைப் போர் விமானம். ஹெர்பர்ட் ஸ்மித் வடிவமைத்த இது 1916 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 1917 நடுப்பகுதியில் போர்முனைக்கு வந்தது. ஏறத்தாழ 5,490 விமானங்கள் கட்டப்பட்டன. முன்புறம் உள்ள இரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளின் மேல்மூடி திமில்போல் புடைத்திருந்ததால் 'ஒட்டகம்' என்னும் பொருள்படும் பெயர் நிலைத்தது.

இன்று உலகெங்கும் மாதிரி விமானம் செய்வோர் விரும்பிச் செய்யும் விமானங்களுள் இதுவும் ஒன்று. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வண்ணம் பூசி முடித்தவர்களில் பலர், கடைசி வேலையான கம்பி கட்டுதலைக் கடினம் என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் அந்தக் கம்பிகள் அலங்காரம் அல்ல. அவை இல்லாவிட்டால் உண்மையான கேமல் தரையைவிட்டு எழுந்தவுடனேயே இறக்கை ஒடிந்து விழுந்திருக்கும். எனவே எந்தக் கம்பி எதற்காக என்று அறிந்து கட்டுவது, அக்கால விமானப் பொறியியலைக் கையால் படிப்பதற்குச் சமம்.

பாலத்திலிருந்து பிறந்த இறக்கை

அக்கால இறக்கை மரச்சட்டத்தின்மேல் லினன் துணியை இழுத்துப் போர்த்தி, மெருகுக் கரைசல் பூசி இறுக்கியதாகும். எடை குறைவு, வலிமையும் குறைவு. தனித்து நீட்டிய மெல்லிய இறக்கை வளைந்து முறியும். இதற்கான தீர்வு பாலம் கட்டும் கலையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் பாலங்கள் கட்டிய பொறியாளர் ஆக்டேவ் சனூட், 1896இல் தமது மிதவை விமானத்தில் இரண்டு இறக்கைகளை மேலும் கீழுமாக அமைத்தார். இடையில் செங்குத்தான தாங்குகால்களை நிறுத்தி, மூலைவிட்டமாகக் கம்பிகளை இழுத்துக் கட்டினார். இரும்புப் பாலத்தின் பக்கச் சட்டகமும் இதே அமைப்புதான். ரைட் சகோதரர்களும் இம்முறையையே பின்பற்றினர்.

தாங்குகால் அழுத்தத்தைத் தாங்கும். கம்பி இழுவிசையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் மெல்லிய மரமும் துணியும் உறுதியான பெட்டி ஆகிவிடும்.

மூன்று வகைக் கம்பிகள்

கேமலின் இறக்கைக் கம்பிகளை மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, பறப்புக் கம்பிகள். இவை உடற்பகுதியின் அடியிலிருந்து மேல் இறக்கையின் வெளிப்பகுதிக்குச் சாய்வாகச் செல்லும். பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி வளையாமல் பிடித்திருப்பவை இவையே. விமானியுடனும் குண்டுகளுடனும் கேமலின் எடை ஏறத்தாழ 660 கிலோ. கூர்மையாகத் திரும்பும்போது விசை நான்கு மடங்கானால், இறக்கைகள் 2,600 கிலோவுக்கும் மேல் தாங்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கட்டும் என்று இவை இரட்டையாக அமைக்கப்பட்டன.

இரண்டாவது, தரையிறங்கு கம்பிகள். இவை மேலே நடுப்பகுதியிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்பகுதிக்கு வரும். விமானம் தரையில் நிற்கும்போதும் அதிர்ந்து இறங்கும்போதும் இறக்கைகள் தொங்கிவிடாமல் தாங்குவது இவற்றின் வேலை.

மூன்றாவது, முன் தாங்குகாலுக்கும் பின் தாங்குகாலுக்கும் இடையே குறுக்காகச் செல்லும் கம்பிகள். காற்றை எதிர்கொள்ளும் இறக்கையின் கோணம் மாறாமல் இவை காக்கும்.

இவை தவிர, வாலில் உள்ள சுக்கானையும் பிற அசையும் தட்டுகளையும் இயக்கும் முறுக்குக் கம்பிகள் தனி.

இறக்கைக் கம்பிகள் உருண்டையானவை அல்ல. காற்றின் தடையைக் குறைக்க, ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலை இருபுறமும் கூர்மையான தட்டைக் கம்பியை உருவாக்கியது. அதன் இரு முனைகளிலும் எதிரெதிர்த் திசையில் திருகுமரை இருக்கும். கம்பியைத் திருகினால் இறுகும் அல்லது தளரும்.

கம்பியை நம்பிய உயிர்கள்

விமானப் படையில் இயந்திரத்தைக் கவனிப்பவர் ஒருவர். சட்டகத்தையும் கம்பிகளையும் கவனிப்பவர் இன்னொருவர். இந்தக் கம்பிக்காரர் ரசமட்டம், தூக்குக்குண்டு, அளவு நூல் ஆகியவற்றைக் கொண்டு இறக்கையின் கோணத்தைச் சரிபார்த்தார். கம்பி தளர்ந்தால் விமானம் ஒருபுறம் இழுக்கும். அளவுக்கு மீறி இறுகினால் மரச்சட்டம் வளையும். பதக்கம் பெற்ற விமானிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அவர்களைப் பத்திரமாகத் திரும்பி வரச் செய்த இந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

கேமல் எளிதில் அடங்கும் விமானமும் அல்ல. இயந்திரம், துப்பாக்கிகள், விமானி, எரிபொருள் அனைத்தும் முன்புறத்தில் நெருக்கமாக இருந்தன. அதன் சுழல் இயந்திரத்தில் உருளைகளே முன்விசிறியோடு சேர்ந்து சுற்றின. பம்பரம்போல் சுற்றும் அந்த எடை, வலப்புறம் திரும்பும்போது மூக்கைக் கீழேயும், இடப்புறம் திரும்பும்போது மேலேயும் தள்ளியது. பழகியவருக்கு இதுவே ஆயுதம், புதியவருக்கு ஆபத்து. பயிற்சியிலேயே உயிரிழந்த இளைஞர்கள் பலர்.

கேமல் ஓட்டியவர்களுள் இந்தியரான ஹர்தித் சிங் மாலிக்கும் ஒருவர். 1917 அக்டோபரில் நடந்த வான்போரில் காலில் குண்டடிபட்டும், பல துளைகள் விழுந்த விமானத்துடன் உயிர் பிழைத்தார். விடுதலைக்குப் பின் பிரான்சில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார்.

மாதிரியில் கம்பி கட்டும் முறை

கேமலின் இறக்கை அகலம் 8.53 மீட்டர். 1:72 அளவில் அது சுமார் 118 மி.மீ.; 1:48 அளவில் சுமார் 178 மி.மீ. உண்மையில் 6 மி.மீ. அகலமுள்ள கம்பி 1:48 மாதிரியில் 0.125 மி.மீ. ஆகிவிடும். அதாவது ஏறக்குறைய தலைமுடியின் பருமன். தடித்த நூலைக் கட்டினால் கயிறுபோல் தோன்றும். மெல்லிய நைலான் இழையோ, நீளும் தன்மையுள்ள ரப்பர் இழையோ ஏற்றது.

1. ஒட்டுவதற்கு முன்பே, கம்பி சேரும் இடங்களில் நுண்ணிய துளைகள் இடவேண்டும். இறக்கைகளைப் பொருத்திய பின் துளையிடும் கருவி உள்ளே நுழையாது.

2. வண்ணம் பூசும் வேலையையும் முன்பே முடித்துவிட வேண்டும். மேற்புறம் பசுமை கலந்த பழுப்பு. அடிப்புறம் லினன் துணியின் வெளிர் நிறம்.

3. கேமலின் மேல் இறக்கை சமதளமானது. கீழ் இறக்கை சுமார் 5 பாகை மேல்நோக்கிச் சாய்ந்தது. 1:48 அளவில் கீழ் இறக்கையின் நுனி, அடியைவிட ஏறத்தாழ 7 மி.மீ. உயர்ந்திருக்கும். அட்டையில் ஒரு தாங்கி வெட்டி வைத்துக்கொண்டால் இக்கோணம் தவறாது.

4. இழையின் ஒரு முனையை மேல் இறக்கைத் துளையில் உடனடிப் பசையால் ஒட்டி உலரவிடுக. மேல் இறக்கையைப் பொருத்திய பின் மறுமுனையைக் கீழ்த்துளை வழியே இழுத்து, துணிக்கவ்வி ஒன்றைத் தொங்கவிட்டு, சிறு துளி பசையிடுக. காய்ந்தபின் எஞ்சியதை வெட்டி, துளையை மூடி வண்ணம் தொடுக.

5. நடுவிலிருந்து வெளிப்புறமாக, இடம் ஒன்று வலம் ஒன்று என மாற்றி மாற்றிக் கட்டுக. ஒரே பக்கத்தை முதலில் முடித்தால் இறக்கை அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். அன்றைய கம்பிக்காரர் சந்தித்த அதே சிக்கல்தான் இது.

சிலர் பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தையே சூடாக்கி இழுத்து இழையாக்குவர். அது தளர்ந்தால், கனலும் ஊதுபத்தியை அருகே காட்டினால் இறுகும், பட்டுவிட்டால் அறும்.

கம்பிகள் மறைந்த கதை

வலிமை தந்த அதே கம்பிகள் காற்றைத் தடுத்து வேகத்தையும் குறைத்தன. 1915இலேயே ஜெர்மனியில் ஹூகோ யுங்கர்ஸ், வெளிக் கம்பிகளே இல்லாத முழு உலோக ஒற்றை இறக்கை விமானத்தைப் பறக்கவிட்டார். ஆற்றல் மிக்க இயந்திரங்களும் உலோகக் கட்டுமானமும் பரவியபின், 1930களின் இறுதியில் இரட்டை இறக்கைப் போர் விமானங்கள் முன்னணியிலிருந்து விலகத் தொடங்கின.

மாதிரி செய்யும் மாணவர்கள் கம்பிகளைக் கட்டிய பின் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கட்டுவதற்கு முன்னும் பின்னும் இறக்கை நுனியை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். முன்பு ஆடிய இறக்கை, பின்பு நிலையாக நிற்கும். மரத்தையும் துணியையும் நம்பி மனிதன் வானில் போரிட முடிந்ததன் காரணம் அந்த விரல்நுனியில் தெரிந்துவிடும்.