தகவல் இல்லை

போன வாரம் பரணை ஒழித்தபோது பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று கிடைத்தது. எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பார்ப்போமே என்று பார்த்தால், உள்ளே 2005 ஜூலை மாதத்து ஈவென்ட் லாக். அதை ஏன் எடுத்து வைத்தேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகன் "இது என்னப்பா, பப்ளிக் ஃபோல்டர் ரெப்ளிகேஷன்?" என்றான். ரெண்டு வரியில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே.

ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், பிழைப்பு விக்ரோலி. தெரியாதவர்களுக்கு: சென்ட்ரல் லைனில் காட்கோபருக்கும் காஞ்சூர்மார்குக்கும் நடுவில் இருக்கிற ஸ்டேஷன். கிழக்கே இறங்கினால் கோத்ரெஜ் காம்பவுண்ட், ஹைவே, அலையாத்திக் காடு, அதற்கப்பால் தானே கழிமுகம். மேற்கே இறங்கினால் எல்.பி.எஸ். மார்க், அந்தப் பக்கமே கொஞ்ச தூரம் ஏறினால் பவாய், ஐ.ஐ.டி. நான் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த கம்பெனி (பெயர் வேண்டாம்) இந்த ரெண்டுக்கும் நடுவில். எனக்கு மெயில் சர்வர் பார்க்கிற வேலை. எக்ஸ்சேஞ்ச் 2003. ஒரு பெட்டி விக்ரோலியில், இன்னொன்று சென்னை ஆபீஸில்.

ரெண்டு பெட்டியிலும் பொதுவான ஃபோல்டர்கள் உண்டு. லீவு பட்டியல், டெலிபோன் பட்டியல், இந்த மாதிரி. விக்ரோலியில் மாற்றினால் சென்னைப் பிரதியிலும் மாற வேண்டும், சென்னையில் மாற்றினால் இங்கேயும். யார் பெரியவன் யார் சின்னவன் கிடையாது. இது எப்படி நடக்கிறது என்பதுதான் சுவாரசியம்.

தாராவியில் அண்ணனும் செம்பூரில் தம்பியும் ஒரே மளிகை வியாபாரத்தை ரெண்டு கடையாக நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு பேரேடு. அண்ணன் தன் ஏட்டில் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் நம்பர் போட்டு, தம்பிக்குத் தபால் கார்டு போடுகிறார். தம்பியும் அப்படியே. கார்டு வந்தால் அந்த வரியைத் தன் ஏட்டில் ஏற்றிக்கொள்வார். எக்ஸ்சேஞ்ச் செய்தது அச்சு அசல் இதுதான். சர்வர்கள் ஒன்றையொன்று நேராகக் கூப்பிட்டு ஏட்டை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, மாற்றங்களை மூட்டை கட்டி, நீங்களும் நானும் அனுப்புகிற மாதிரியே ஒரு மெயிலாகப் போட்டன.

கார்டு தொலைந்தால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. அண்ணன் அவ்வப்போது "என் ஏட்டில் 60 வரை எழுதியாச்சு" என்று ஒரு நிலவரக் கார்டு போடுவார். தம்பி பார்ப்பார், 58, 59 வரவில்லை. உடனே கேட்க மாட்டார். தபால் தாமதமாக இருக்கலாம் அல்லவா? ஒரே சைட்டுக்குள் இருந்தால் 6 மணி நேரம், வெளி சைட் என்றால் 12 மணி நேரம் பொறுப்பார். அதற்குப் பிறகுதான் "58, 59 அனுப்பு" என்று கேட்டுக் கார்டு. அதுக்கும் பதில் இல்லையென்றால் காத்திருப்பு 24 மணி, அப்புறம் 48. நம்ம ஊர் தபால்காரரை விடப் பொறுமைசாலி.

ஆனால் கவனியுங்கள். நிலவரக் கார்டும் அதே தபாலில்தான் வர வேண்டும். அண்ணனிடமிருந்து எதுவுமே வரவில்லையென்றால் தம்பி என்ன நினைப்பார்? அண்ணன் கடையில் இன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை போல என்று நினைப்பார். ஏட்டை விரித்து வைத்து வியாபாரத்தைத் தொடர்வார்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடினால் எல்லாம் மோசமான டெலிபோன் லைன்களில் போய் முடிகிறது. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற ரெண்டு மாணவர்கள் யூஸ்நெட்டை யோசித்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு முழுப் பிரதி, கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று போனில் கூப்பிட்டு, புதிதாக வந்ததைக் கைமாற்றிக்கொள்ளும். 1989இல் வந்த லோட்டஸ் நோட்ஸ் இதையே ஆபீஸுக்குக் கொண்டுவந்தது. ரே ஓஸி மூளை. அதில் சர்வர்கள் நேரடியாகவே கூப்பிட்டு ஏட்டை ஒப்பிட்டுக்கொள்ளும். (ஒரு இடைச்செருகல்: லோட்டஸை 1995இல் ஐ.பி.எம். வாங்கியது, அதனிடமிருந்து நோட்ஸை 2019இல் எச்.சி.எல். வாங்கியது. எச்.சி.எல். ஆரம்பித்த ஷிவ் நாடார் திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழிக்காரர். சுற்றிச் சுற்றி எங்க ஜில்லாவுக்கு வந்துவிட்டது பாருங்கள் :-))

நம்ம கதைக்கு முக்கியமானது 1987இல் வந்த ஒரு கட்டுரை. ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் ஆலன் டெமர்ஸும் கூட்டாளிகளும் எழுதியது. அவர்கள் கம்பெனியின் பெயர்ப் பட்டியல் நூற்றுக்கணக்கான இடங்களில் பிரதியாக இருந்தது. ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்துக்கும் மெயில் போடு என்பதுதான் முதல் வழி. அது மட்டும் போதாது என்று அந்தக் கட்டுரை நேரடியாகவே சொல்கிறது. க்யூ நிரம்பினால் மெயில் கீழே விழும், போக வேண்டிய சர்வர் நெடுநேரம் படுத்துவிட்டால் மெயில் வீண். அதனால் ரெண்டு ரெண்டு பேராக அவ்வப்போது உட்கார்ந்து முழு ஏட்டையும் ஒப்பிடட்டும், தொற்றுநோய் பரவுகிற மாதிரி தகவல் பரவட்டும் என்றார்கள். அழித்த வரி பழைய பிரதியிலிருந்து உயிரோடு திரும்பி வராமல் இருக்க, அழித்ததற்கும் ஒரு சான்று எல்லா ஊருக்கும் போக வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் இறப்புச் சான்றிதழ்.

நம்ம ஊரில் அதே காலகட்டத்தில் என்ன நடந்தது? இந்தக் கதை என் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். 1986இல் மத்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பணம் போட்டு எர்நெட் ஆரம்பித்தது. ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி., டெல்லி மின்னணுத் துறை, அப்புறம் ஜூஹுவில் இருந்த என்.சி.எஸ்.டி. அதன் இயக்குநர் எஸ். ரமணி. (2014இல் இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?) எர்நெட்டில் முதலில் மெயில் பரிமாறிக்கொண்ட ஜோடிகளில் ஒன்று ஜூஹு என்.சி.எஸ்.டி.யும் பவாய் ஐ.ஐ.டி.யும். டயல் பண்ணி, மூட்டையைத் தள்ளிவிட்டு, போனை வைத்துவிட வேண்டும். 1991இல் டெல்லிக்கும் பம்பாய்க்கும் முதல் தனி லைன் போட்டபோது அதன் வேகம் 9.6 கிலோபிட். ஒரு எம்.பி. ஃபைல் போய்ச் சேரக் கால் மணி நேரம். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். மூலம்.

இப்படிப்பட்ட லைன்களை மனதில் வைத்துப் பார்த்தால், 1996இல் வந்த எக்ஸ்சேஞ்சின் முதல் பதிப்பு ஏன் ஃபோல்டர் மாற்றங்களைத் தபாலில் போட்டது என்று புரியும். லைன் இப்போது இருக்கும், அப்புறம் இருக்காது. மெயில் காத்திருக்கும், சுற்றி வரும், எப்படியாவது போகும். நல்ல யோசனைதான். நான் அதை முழுசாக நம்பினேன்.

சரி, 2005 ஜூலை 26, செவ்வாய். சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. மதியத்துக்கு மேல் ரயில் நின்றது. சாயங்காலம் ஆபீஸில் யார் எங்கே என்று ஒரு பட்டியல் போட்டு, பொது ஃபோல்டரில் வைத்தார்கள். சென்னை ஆபீஸில் ரெண்டு பேர் போன் எடுக்க உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டில் இருக்கிற குடும்பங்கள் அங்கே கூப்பிட்டால் பட்டியலைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. அம்பைக்காரத் தம்பி ஒருவன் அன்று குர்லாவில் ஒரு கஸ்டமரிடம் போயிருந்தான். அவன் பெயருக்கு எதிரே 'வெளியே சென்றவர், தகவல் இல்லை'. இந்த வரி சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் லீஸ்டு லைன் போனது.

மறுநாள் விடியும்போது அவன் குர்லாவிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஆபீஸுக்கே வந்து சேர்ந்துவிட்டான். செருப்பில்லை, போன் தண்ணீரில் செத்துவிட்டது. ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச் கீழ்த்தளத்தில் முங்கிக் கிடக்கிறது. பட்டியலில் அவன் வரியை மாற்றினோம். 'ஆபீஸில் பத்திரம்'. ஒன்பது மணிக்கு நான் மாற்று லைனை உயிர்ப்பித்தேன், இன்டர்நெட் வழியாக, ஃபயர்வாலைத் தாண்டி. சென்னைக்கு ஒரு டெஸ்ட் மெயில் போட்டேன், பதில் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

"அண்ணே, அம்மாக்கு எப்படிச் சொல்ல?"

"ஃபோல்டர்ல போட்டாச்சுல்லா? மெயிலே போகுது. சென்னைல பாத்துச் சொல்லிருவாங்க. நீ படுத்துத் தூங்கு."

வியாழக்கிழமை மதியம் சென்னையிலிருந்து எனக்கு ஒரு மெயில். இன்னாருடைய அம்மா அம்பையிலிருந்து ஒன்பதாவது தடவையாகக் கூப்பிடுகிறார், இன்னும் 'தகவல் இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அதைப் படிக்கும்போது அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து வடா பாவ் தின்றுகொண்டிருந்தான்.

முதலில் அந்த மெயிலுக்குப் பதில் போட்டேன். அப்புறம் கை நடுங்க சர்வரைத் தோண்டினேன். மெசேஜ் டிராக்கிங்கில் பார்த்தால் ரெப்ளிகேஷன் மெயில்கள் போனதாக இருக்கின்றன. சென்னை நண்பரை மெயிலிலேயே பிடித்து அங்கே லாகிங்கை உச்சத்தில் வைக்கச் சொன்னேன். அங்கே ஒன்றுகூட வந்ததாகப் பதிவு இல்லை. சாதாரண மெயில் மட்டும் ஜம்மென்று போகிறது. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் டெல்நெட் போட்டு சென்னை சர்வரின் போர்ட் 25ஐத் தட்டினேன். வரவேற்பு வரியில் சர்வர் பெயர் வர வேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரக் குறிகள்.

ஃபயர்வால்! எஸ்.எம்.டி.பி.யைக் காவல் காக்கிறேன் என்று, தனக்குத் தெரிந்த ஏழெட்டு ஆதிகாலக் கட்டளைகளைத் தவிர மற்றதையெல்லாம் மென்று துப்பிக்கொண்டிருந்தது. மனுஷர்கள் எழுதுகிற மெயிலுக்கு அந்த ஏழெட்டு போதும். ஆனால் ரெண்டு எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள் தங்களுக்குள் உள்விவரம் மாற்றிக்கொள்ள எக்ஸ்எக்ஸ்ச்50 என்று தனியாக ஒரு கட்டளை உண்டு. (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நான் வைக்கவில்லை.) ரெப்ளிகேஷன் கார்டுக்கு அது கட்டாயம். அது இல்லாமல் போன கார்டை அந்தப் பக்கம் கார்டாகவே மதிக்கவில்லை. லீஸ்டு லைனில் ஃபயர்வால் நடுவில் வராததால் அதுவரை யாருக்கும் இது தெரியவில்லை. நிலவரக் கார்டும் இதே வழிதானே? சென்னைப் பெட்டிக்குத் தான் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்ற சந்தேகமே வந்திருக்காது.

ரெண்டு சர்வருக்கும் இடையே அந்தக் காவலை எடுத்துவிட்டு, 12 மணி நேரப் பொறுமைக்கெல்லாம் இடம் கொடுக்காமல், ஃபோல்டரைக் கையாலேயே மறுபடி அனுப்பும் கட்டளையைக் கொடுத்தேன். (2003இல் புதிதாகச் சேர்த்த வசதி, புண்ணியவான்கள்.) கொஞ்ச நேரத்தில் சென்னைப் பட்டியலில் நாற்பது சொச்சம் வரிகள் மாறின. நாற்பது வரி என்றால் நாற்பது வீடு. அதில் எத்தனை வீட்டில் ஒன்றரை நாள் அடுப்பு எரியவில்லை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கப் பயம்.

இந்த முறை பிறகும் பல வருஷம் ஓடியது. எக்ஸ்சேஞ்ச் 2010தான் கடைசி. 2013 பதிப்பில் எல்லாரும் சமம் என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, ஃபோல்டர்களைச் சாதாரண மெயில்பெட்டிக்குள் வைத்து, எழுதுகிற பிரதி ஒன்றுதான் என்று ஆக்கினார்கள். 2010க்கான ஆதரவு 2020 அக்டோபரில் முடிந்தது. என் மகன் வயதுக்காரர்களுக்கு ஃபைல் எங்கோ ஒரே இடத்தில் இருக்கிறது, எல்லாரும் அங்கேயே போய்ப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். தபால் கார்டு கதை சொன்னால் தபால் கார்டையே விளக்க வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து அம்பைக்குப் போன் போனது வியாழன் சாயங்காலம். ஆனால் தம்பியின் அப்பா புதன் ராத்திரியே கிளம்பிவிட்டிருந்தார். ரயில் புனேயோடு நின்றுவிட, அங்கிருந்து பஸ் பிடித்து, சனிக்கிழமை காலையில் மஞ்சள் பையும் குடையுமாக விக்ரோலி ஆபீஸ் வாசலில் நின்றார். மகனைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை, தலையைத் தடவினார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அந்தப் பொட்டி எது தம்பி?" என்றார்.

சர்வர் ரூமைத் திறந்து காட்டினேன். ஏ.சி. குளிரில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"லைட்டெல்லாம் எரியத்தான செய்யுது" என்றார்.