பயனுக்கு முன்னே பாடம்: குற்றாலச் சாரலில் வேத வாசிப்பு

குற்றாலத்தைக் குறித்து எழுதப் புகுகிறவர்கள் அருவியிலே தொடங்கி அருவியிலேயே நின்றுவிடுவது வழக்கம். கிறிஸ்தவர்கள் தங்கள் வேதத்தைக் கற்க வேண்டிய முறையை ஆராயப் புகுந்த எமக்கோ, தென்காசியை அடுத்த மேலகரத்தில் தோன்றிக் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரே முதலில் நினைவுக்கு வருகிறார். சைவ மணம் கமழும் அந்த நூலுக்கும் விவிலியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் ஐயுறலாம். சம்பந்தம் உண்டு. 1774-ஆம் ஆண்டில் திருநெல்வேலியிலே பிறந்து, தஞ்சையிலே மிஷனரி சுவார்ட்சு ஐயரிடம் கல்வி பயின்ற வேதநாயக சாஸ்திரியார், கவிராயர் போன்றோர் நாட்டிவைத்த குறவஞ்சி மரபைக் கைக்கொண்டு 1800-இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார்.

அங்கே குற்றாலநாதர் பவனி கண்டு காதல் கொண்ட வசந்தவல்லி இருந்த இடத்தில், இங்கே பெத்லகேம் நாதர்மேல் மையல் கொண்ட தேவமோகினி நிற்கிறாள். திருச்சபையையே மணவாட்டியாகக் கண்ட அப்போஸ்தலர் பவுலின் கருத்து, தமிழ்ப் பெண்ணொருத்தியின் விரக தாபமாக உருக்கொள்கிறது. குறத்தியாக விசுவாசமும், அவள் கணவனான வேடன் சிங்கனாகக் குருவும், சிங்கனின் துணைவன் நூவனாக உபதேசியாரும் வருகிறார்கள். பறவை பிடிக்கும் வலை சுவிசேஷ வலையாகிறது. இது வெறும் அலங்காரம் என்று ஒதுக்கத் தக்கதன்று. வேதத்தின் ஒரு பகுதியை அதன் மற்றப் பகுதிகளோடு கூட்டிப் பார்த்து, கண்ட பொருளைத் தம் நாட்டார் அறிந்த கோலத்திலே நிறுத்திக்காட்டுவதும் வியாக்கியானத்தின் ஒரு வகையே ஆகும்.

ஆயினும் இவ்வகைக்கு ஓர் அபாயம் உண்டு. மனுஷரைப் பிடிக்கும் தொழில் என்பது மத்தேயு சுவிசேஷத்தில் கலிலேயாக் கடற்கரையிலே சீஷரை அழைத்த அருளின் மொழி. எரேமியா தீர்க்கதரிசியின் பதினாறாம் அதிகாரத்திலோ, மீன் பிடிப்பவரும் வேடரும் வருவது பெரும்பாலும் குற்றவாளிகளைக் குன்றுகளிலும் கன்மலை வெடிப்புகளிலும் தேடிப் பிடிக்கும் தண்டனைக்காக. வலையும் வேட்டையும் இரண்டிடத்தும் ஒன்றுபோலத் தோன்றினும், பேசுகிறவரும் கேட்கிறவரும் காலமும் வேறு. உவமை ஒன்றாயிருப்பதைக் கண்டு பொருளும் ஒன்றே என்று துணிந்துவிடும் பிரசங்கியார் எத்தனை பேர்!

இந்த எச்சரிக்கையைக் கற்பதற்குத் தென்காசிக்காரர் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் ஆலயத்தைக் கட்டுவித்த பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் இக்கோயிலைப் பழுது பார்த்துக் காப்பவர் யாராயினும் அவர் பாதத்திலே தாம் பணிவதாகக் கல்லிலே பாடி வைத்திருக்கிறார். சிதைந்து கிடந்த ராஜகோபுரத்தை மீண்டும் எழுப்பி 1990-இல் குடமுழுக்குச் செய்தவர்களுக்கு, அந்த வாசகம் ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே தங்கள் பெயருக்கு எழுதப்பட்டது போலத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை, உரிமையும் உண்டு. ஆனால் கோயிலுக்கு ஒரு செங்கல்லும் எடுத்துக் கொடாத ஒருவன், ‘ராஜா என் காலில் விழுகிறார்’ என்று மகிழ்வானானால் நாம் நகைப்போம் அல்லவா? கல்வெட்டு வாசிக்கிறவர் முதலில் மைப்படி எடுத்து எழுத்தைத் திட்டம் செய்கிறார். பிறகு எந்த அரசர், எந்த ஆண்டு, யாருக்கு, எதன்பொருட்டு என்று விசாரிக்கிறார். வேதத்துக்கு இச்சிரத்தை வேண்டாமா?

புத்தாண்டு ஆராதனையிலே ‘வாக்குத்தத்த வசனம்’ அச்சிட்ட அட்டைகளை வழங்கும் வழக்கம் நம் சபைகளில் பரவியிருக்கிறது. அவற்றில் அடிக்கடி காண்பது எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்துப் பதினோராம் வசனம்; தீங்குக்கல்ல, சமாதானத்துக்கே கர்த்தர் நினைவு கொண்டிருக்கிறார் என்னும் ஆறுதல் மொழி. அட்டையை வாங்கியவர் அவ்வாண்டிலேயே வேலையோ, திருமணமோ, வீடோ கைகூடும் என்று அதைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் அவ்வதிகாரம் பாபிலோனுக்குச் சிறைபோன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து போன ஒரு கடிதம். இரண்டே ஆண்டில் விடுதலை என்று முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் ஆசை காட்டியிருக்க, எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், உங்களைச் சிறைகொண்ட அந்தப் பட்டணத்தின் நன்மைக்காகவே மன்றாடுங்கள் என்று எழுதுகிறார். விடுதலைக்கு அவர் குறித்த காலம் எழுபது ஆண்டு. கடிதத்தைக் கையில் வாங்கிய முதியவர்களில் மிகப் பலர் எருசலேமைத் திரும்பக் காணாமலே கண் மூடியிருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்த வசனத்தின் ஆறுதல் குறைகிறதா? எமது அபிப்பிராயத்தில் அது பன்மடங்கு கனக்கிறது; ஆனால் அட்டை தருகிற ஆறுதல் அதுவன்று.

இவ்விடத்தில் நம் முன்னோர் வகுத்த உரைநெறி பெரிதும் கைகொடுக்கும். நன்னூலார் உரைக்குரிய அங்கங்களைப் பதினான்காக எண்ணுகையில் பாடத்தை முதலில் வைத்தார். கருத்து, சொற்பொருள், உதாரணம், வினா, விடை முதலியவற்றைக் கடந்து, எடுத்துக்கொண்ட அதிகாரத்தோடு பொருத்திப் பார்த்து, ஐயமறத் துணிந்த பிறகே, பதின்மூன்றாவதாகப் பயனைச் சொன்னார். நம்மவரோ ‘இன்று இது எனக்கு என்ன சொல்லுகிறது?’ என்று பதின்மூன்றாம் படியிலே கால் வைத்துத் தொடங்குகிறார்கள். பக்தி மிகுந்தவர்களிடத்திலேயே இப்பிழை அதிகம் காணப்படுவதுதான் வருத்தம்.

செவிக்கும் இதில் பங்குண்டு. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் நெடுங்காலம் தமிழ் பயின்று, வேதம் கேட்கிறவருக்கு விளங்கும் நடையிலே இருக்க வேண்டும் என்று உறுதிகொண்டு, மொழிபெயர்ப்பு நெறிகளைக் குறித்து 1827-இல் தனி நூலே எழுதினார். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யும் கம்பன் கவியை வாய்விட்டுப் படித்தே அதன் பாவத்தை உணர்த்தினார். வேதத்தையும் அவ்வாறே முழு அதிகாரமாக உரக்கப் படிக்க வேண்டும். பவுலின் நிருபங்களில் பல சபை கூடியிருக்க வாசிப்பதற்கே எழுதப்பட்டவை. ஆனால் ரசிகமணி தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளியதையும், சில இடங்களில் பாடத்தையே மாற்றியதையும் நாம் பின்பற்றலாகாது. ரசனை நல்ல துணை. பாடத்துக்கு அதுவே பிரமாணமாகிவிடாது. மனத்துக்கு இசையாத வசனத்தை மெல்லத் தாண்டிப் போகிற வாசகரும், கையில் கத்தரி எடாமலே, அதையேதான் செய்கிறார்.

உரையாசிரியர்களிடம் கற்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தாம் மறுக்கிற கொள்கையையும் ‘இவ்வாறு உரைப்பாரும் உளர்’ என்று எழுதிவைத்துவிட்டே மறுப்பார்கள். நம் பிரசங்க பீடங்களில் இந்த மரியாதையைக் காண்பது அரிது. ஊர்ச் சபையில் உபதேசியாரும், கல்லூரி படித்த இளைஞரும், எழுத்தறியாவிடினும் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டியும் ஒரே பகுதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மூன்று கருத்து எழும். மூன்றையும் அந்த அதிகாரத்தின் முன் நிறுத்தி விசாரிக்கலாம். பிணக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. பபிரீசியஸ் ஐயரின் பழைய மொழிபெயர்ப்பிலே தோய்ந்திருந்த வேதநாயக சாஸ்திரியார், ரேனியஸ் முதலிய புதிய ஐயர்மார் செய்த திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1871-இல் வெளிவந்த பவர் ஐயரின் பதிப்போ பபிரீசியஸை அடிப்படையாகக் கொண்டு, ரேனியஸையும் துணைக்கொண்டு உருவானது. இன்றும் இப்பகுதிச் சபைகளில் வாசிப்பது அந்தப் பதிப்பை. வாசித்து முடித்ததும் பாடுவது சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை.