போடிமெட்டில் ஒரு கடல்

மார்கழியில் போடிமெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? விடிகிற நேரத்தில், ஏலத் தோட்டங்களை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, போடிநாயக்கனூர் பக்கம் பார்த்தபடி சாலையோரமாக நடந்து பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால், கீழே ஊர் இருக்காது. கடல் இருக்கும்! மேகம்தான். ஆனாலும் கரை, அலை, தீவு மாதிரி துருத்தி நிற்கும் குன்றுகள்... அப்படியே கடல்.

பக்கத்தில் ஒரு பையன் செல்போனில் படம் எடுப்பான். அடுத்த நிமிடமே விரலால் தேய்த்து மேகத்துக்கு ஆரஞ்சு கலர் ஏற்றுவான். 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க போட்டோவுலகூட நெசம் இல்லப்பா' என்று யாராவது ஒரு பெரியவர் அலுத்துக்கொள்வார்.

அந்தப் பெரியவரைக் கொஞ்சம் 1858-க்குக் கூட்டிப் போவோம். போடி அப்போது மதுரை ஜில்லாவில் ஒரு ஜமீன். அந்த வருடம் மதுரைக்குப் பெரிய கேமராவோடு வந்து இறங்கினார் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசாங்கத்தின் போட்டோகிராஃபர். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மஹால், தெப்பக்குளம் என்று எடுத்துத் தள்ளினார். மனிதர் எவ்வளவு கறார் என்றால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை ஓர் எழுத்து விடாமல் காட்ட, 21 படங்களை ஒட்டி சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்!

அதே ட்ரைப், வானத்தில் இல்லாத மேகத்தைத் தூரிகையால் வரைந்தவர். ஆமாம், நெகட்டிவ் மேலேயே சாயம் பூசி!

ஏமாற்றா? அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறம் என்றால் அப்படியொரு வேகம்; பச்சையும் சிவப்பும் சரியாகத் தெரியாது. வானம் வெளுத்துப்போய் வெறும் காகிதமாக விழும். மரமெல்லாம் கருப்புத் திட்டு. கண் பார்த்ததைக் கேமரா பார்க்கவில்லை. அதைத்தான் கையால் சரிபண்ணினார் ட்ரைப்.

இந்தக் கோளாறு மனித முகத்துக்கு வந்தபோதுதான் விஷயம் சிக்கலானது. பின்னாளில் வந்த ஃபிலிம்களில் பலவற்றுக்கும் சிவப்பு தெரியாது. நம் மாநிறத் தோல் இருப்பதைவிடக் கறுப்பாகவே விழும். 'போட்டோவுல கறுப்பா விழுந்துட்டேன்' என்று நம் பாட்டிகள் புலம்பியது சும்மா இல்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்!

நம்மூர் ஸ்டூடியோக்களில் ஜன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவை வைத்து, கூரான பென்சிலால் 'டச்சப்' செய்யும் ஒருவர் இருப்பார். முதல் நாலு கோடு கேமராவின் பொய்யைத் திருத்தும். ஐந்தாவது கோட்டில் அவருடைய பொய் ஆரம்பிக்கும். எங்கே நிறுத்துவது? அவருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள். திரைச்சீலையில் வரைந்த கடல், கப்பல், முழு நிலா. முன்னால், ஸ்டூடியோக்காரர் தந்த இரவல் கோட்டில் தாத்தா. போடியிலிருந்து நிஜக் கடலைப் பார்க்க ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ போக வேண்டும். மலையில் ஏலக்காய் பறித்த கூலியோடு இறங்கி வந்த ஆளுக்கு, சீலைக் கடல்தான் கைக்கு எட்டியது. அந்தக் கடலைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை. கோட்டுக்குக் கீழே பாருங்கள், கால் வெறுங்காலாக இருக்கும். அதை யாரும் மறைக்கவும் இல்லை.

பொண்ணு பார்க்க அனுப்பிய படங்கள்தான் வேறு ரகம். தபாலில் வெள்ளை வெளேரென்று ஒரு முகம் போகும். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காருவார்கள். காபித் தட்டோடு மாநிறமாக ஒரு பெண் வருவாள். 'போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே?' என்று ஓர் அத்தை கேட்பார்.

பென்சில் பிடித்தவர் அந்த நேரம் கடையில் இருப்பார். பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்றது, தட்டோடு வந்த பெண்.