நத்தான்ஸும் நம்மூர் மண்ணெண்ணெயும்

ஈரானின் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையம் 2002இல் அம்பலமானபோது, அதற்கும் கல்முனைக் கடற்கரைக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். பத்து ஆண்டுகளில் அத்தொடர்பு மண்ணெண்ணெய்க் கலன் வழியாக வந்து சேர்ந்தது.

ஐ.நா. பாதுகாப்புச் சபை 2006 டிசம்பரில் முதல் தடைகளை விதித்தது. அவை பெரும்பாலும் அணு, ஏவுகணைச் சாதனங்கள் சார்ந்தவை, நம்மைத் தீண்டவில்லை. தீண்டியது அமெரிக்கச் சட்டம். 2011 டிசம்பர் 31இல் ஒபாமா கையொப்பமிட்ட அச்சட்டம், ஈரானிய மத்திய வங்கியோடு எண்ணெய்க்கணக்குத் தீர்க்கும் அந்நிய வங்கிகளை அமெரிக்க நிதிச்சந்தையிலிருந்து விலக்க வழிசெய்தது. நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் சுத்திகரிக்கும் சப்புகஸ்கந்த ஆலையோ ஈரானிய மசகு எண்ணெயையே பெரிதும் நம்பியிருந்தது. எண்ணெய் இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. பணம் அனுப்பத்தான் பாதையில்லை.

2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாவிலிருந்து 106 ஆனது. டீசல் 84இலிருந்து 115. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருபது லீற்றர் மண்ணெண்ணெயுடன் கடலுக்குப் புறப்படுபவருக்கு, வலையில் ஒரு மீன் விழுமுன்பே எழுநூறு ரூபா மேலதிகச் செலவு. சிலாபத்தில் மீனவர் வீதிக்கிறங்கினர். பெப்ரவரி 15இல் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். மீனவருக்கான மானியமும் பேசப்பட்டது.

பழி முழுவதையும் தடையின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் விற்றுவந்தது. அதே மாதம் ரூபாவும் சரிந்தது. உள்ளூர்க் கணக்கு வழக்கின் குளறுபடிக்கு ஈரான் விவகாரம் வசதியான போர்வையாயிற்று என்பதே என் கருத்து. 2012 ஜூனில் வாஷிங்டன் இலங்கைக்கு விலக்களித்தது. விலை மட்டும் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை!

பழைய எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலர் தீர்க்கப்படாமல் நின்றது. 2015 உடன்படிக்கை ஒரு வாசலைத் திறந்தது. 2018 மே மாதத்தில் ட்ரம்ப் அதிலிருந்து விலகினார். இறுதியில், 2021 டிசம்பரில் கொழும்பும் தெஹ்ரானும் பண்டமாற்றுக்கு உடன்பட்டன: மாதம் ஐந்து மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை. ஏற்றுமதியாளருக்குக் கூலி ரூபாவில். தடைப்பட்டியலில் உள்ள ஈரானிய வங்கி எதுவும் இடையில் வராது. தேயிலை உணவுப்பொருள், ஆகவே தடையை மீறியதாகாது என்றது அரசு. அந்த வேகத்தில் கணக்குத் தீர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும்.